தென்னைக்குத் தென்னை கட்டிய கயிறு

அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது இடது கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கருக்களாச்சேரியிலிருந்து நிரவி வழியாக நடந்து வந்திருந்தேன். புயல் கடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆறு கலங்கிப்போய், வாழை மரம், கூரைக் கீற்று, வயிறு ஊதிய ஆடு என்று அகப்பட்டதையெல்லாம் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "எந்த ஊருடா தம்பி?" என்றார். "மண்டபத்தூர்" என்று சொன்னேன். அது வடக்கே இருக்கிற ஊர், நான் போனதோ மேற்கே. அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்து வந்த வாழைத்தாரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கன்னத்தில் அறைந்தது அப்பா. அறை வாங்கியதற்காக நான் வீட்டைவிட்டு வரவில்லை. அந்த வயதில் நம்மில் யார்தான் அறை வாங்கவில்லை? அறை விழுந்தபோது அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உண்மை அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

அக்காவுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் அம்மை போட்டுப் போனது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் வலது தோள் அவளுடையது. கடைக்கு, கோயிலுக்கு, கடற்கரைக்கு, எங்கே போனாலும் நான் முன்னால் போவேன், அவள் கை என் தோளில் இருக்கும். அது எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை. கோயிலில் கஞ்சி ஊற்றும்போது வரிசையில் நிற்காமல் எங்களுக்கு முதலில் ஊற்றுவார்கள். கடைக்காரர் அவளுக்குக் கொடுக்கும் கடலை மிட்டாயோடு எனக்கும் ஒன்று சேர்த்துக் கொடுப்பார். பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனால், "அக்காவ வுட்டுட்டு வந்தேன் சார்" என்றால் போதும், ஓங்கிய பிரம்பு அடிக்காமலே கீழே இறங்கிவிடும். அவளால் கிடைத்ததையெல்லாம் என் சாமர்த்தியத்தில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புயலுக்கு முந்தின வருடம், ஒரு கார்த்திகை மழையில் கடல் ஊருக்குள் வந்தது. பெரிய வெள்ளம் இல்லை, இடுப்பளவு. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அம்மா என்னிடம் ஆட்டையும் அரிசிப் பானையையும் கொடுத்து முன்னால் அனுப்பினாள். அக்காவை அப்பா கூட்டி வருவார் என்று அம்மா நினைத்தாள். சித்தப்பா கூட்டிப் போயிருப்பார் என்று அப்பா நினைத்தார். அவள் எப்போதும்போல் என்னோடுதான் போயிருப்பாள் என்று சித்தப்பா நினைத்தார். தண்ணீர் வடிந்து திரும்பிப் போனபோது, அக்கா கயிற்றுக் கட்டிலின் மேல் ஏறி, கூரை மூங்கிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கையை மூங்கிலிலிருந்து பிரித்தெடுக்க அம்மா வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

யாரும் யாரையும் திட்டவில்லை. ஆள் பிழைத்தது போதும் என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். கத்தியது ஒரே ஒருவர்தான், சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கி வந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் இருந்த ஒரே மாடி வீடு அவருடையது. எந்த மழைக்கும் அவர் கால் நனைந்ததில்லை.

"கண்ணு தெரிஞ்சவன் பூராப் பேரும் ஓடிட்டீங்க. தெரியாத புள்ளைய யாருய்யா நெனச்சீங்க?"

"நெனச்சோங்க. எல்லாரும்தான் நெனச்சோம்" என்றார் அப்பா.

"நெனச்சா பத்துமா? அடுத்த மழைக்கு முன்னாடி அந்தப் புள்ள தானா என் மாடிக்கு வரணும். யாரையும் நம்பி உக்காந்திருக்கக் கூடாது."

பஞ்சாயத்தார் கூடி ஒத்துக்கொண்டார்கள். மறு வருடம் ஐப்பசி பிறந்ததும் வேலை தொடங்கியது. ஆளுக்கொரு துண்டு பழைய வலைக் கயிறு கொடுத்தார்கள். எங்கள் வாசலிலிருந்து சொல்தா வீட்டை நோக்கி, தென்னைக்குத் தென்னை, அக்காவின் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு மிதவைக் கட்டை. பள்ளம் வரும் இடத்தில் இரண்டு. கடைசித் தென்னையிலிருந்து வெட்டவெளியைத் தாண்டி மாடிப்படியின் கைப்பிடிக்கு ஒரு நீளத் துண்டு. சொல்தா தன் வீட்டு வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். அதை அடித்தால் அக்கா கிளம்ப வேண்டும். கூட மேற்பார்வைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சித்தப்பாவை நியமித்தார்கள். அவர் நல்ல பலசாலி, வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டே ஓடுவார் என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த ஐப்பசி முழுவதும் எனக்கு நெஞ்சில் அடுப்பு எரிந்தது. தினமும் சாயங்காலம் இரும்பு ஒலிக்கும். அக்கா கயிற்றைப் பிடித்து நடப்பாள். சொல்தா படியில் நின்று, "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டுவார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே "அலே! அலே!" என்று கத்திக்கொண்டு போகும். அவள் படியில் கால் வைத்ததும் கைதட்டுவார்கள். நான் பிறந்ததிலிருந்து நடக்கிறேன், ஒரு ஆள் கைதட்டியதில்லை.

பிரான்சில் இருந்த சொல்தா மகன் அவளுக்கு ஒரு மழைக்கோட்டு அனுப்பினார். மஞ்சள் நிறம், தலையை மூடும் தொப்பியும் சேர்ந்தது. புது ரப்பர் வாசனை. அதன் பையில் ஒரு ஊதல். அந்த மழைக்கோட்டை நான் ராத்திரியில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், மோந்து பார்த்திருக்கிறேன். எனக்கு இருந்தது உரச் சாக்கு. மழை வந்தால் அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வேன், யூரியா நெடி மூக்கைத் துளைக்கும்.

அதற்கும் மேல் ஒரு டார்ச் லைட் வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குங்க டார்ச்சு?" என்று சொல்தாவிடமே கேட்டேன்.

"அவ பாக்கறதுக்கு இல்லடா மண்டு. இருட்டுல மத்தவன் அவள பாக்கறதுக்கு."

"அப்ப மத்தவன் கையில குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "அவனுக்கு வேணுமாம், குடுத்துடுங்க மாமா. எனக்குத்தான் பகலு, ராத்திரி எல்லாம் ஒண்ணாச்சே" என்றாள். கொடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவள் கடைக்கும் கயிற்றைப் பிடித்துப் போக ஆரம்பித்தாள். பாதி வழியில் கடை. கடைக்காரர் ஒரே ஒரு மிட்டாய் கொடுத்தார். நான் தோளைக் கொண்டுபோய் அவள் கைக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். "தள்ளுடா, முடிச்சு எங்கன்னு தெரியல" என்று ஒதுக்கிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஓங்கிய பிரம்பு இப்போது சும்மா இறங்கவில்லை, அடி விழுந்தது. ஏழாவதோடு நான் நின்றதற்குக் காரணம் கேட்பவர்களிடம் வறுமை என்று சொல்வேன். வறுமையும்தான்.

கார்த்திகையில் ஒருநாள், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக ரேடியோவில் சொன்னார்கள். இப்போதுபோல் சட்டைப் பையிலிருந்து போன் அலறுகிற காலம் இல்லை. ராத்திரிதான் கரையைக் கடக்கும் என்றார்கள். அம்மா மீன் கூடையோடு காரைக்கால் சந்தைக்குப் போயிருந்தாள். ஆனால் மத்தியானமே காற்று மாறியது. மணல் ஊசியாகக் குத்தியது. கரையில் கிடந்த மரங்கள் உருள ஆரம்பித்தன. கட்டுமரத்தை நாங்கள் வெறுமனே மரம் என்போம். ஒரு மரம் போனால் ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்கச் சோறு போனது.

அப்பாவோடு நானும் எங்கள் மரத்தைப் பிடித்து இழுத்தேன். மேட்டுக்கு ஏற்றியாயிற்று. கட்டக் கயிறு போதவில்லை. அப்பா தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். கண் போய் நின்ற இடம் தென்னை மரம். இரண்டு எட்டில் போய் முடிச்சை அவிழ்த்தார்.

"அப்பா, அது அக்கா கயிறு."

"ஒரு துண்டுதானடா. அவள இந்நேரம் ஒஞ் சித்தப்பன் கூட்டிட்டுப் போயிருப்பான். புடி, இழு."

நான் பிடித்து இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அடுத்த தென்னையில் இன்னொருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த தென்னையில் சித்தப்பா. அவரும் தன் மரத்துக்குத்தான். நான் வாழ்நாளில் பல கரைகளில் வேலை பார்த்திருக்கிறேன். காற்று எழும்பும்போது கடல்காரன் கண்ணில் கயிறு பட்டால், கை தானாகப் போகும். யாருடையது, எதற்குக் கட்டியது என்று மனம் கேட்பதற்குள் விரல் முடிச்சை அவிழ்த்துவிட்டிருக்கும். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுதான் எடுத்தார்கள். அந்தப் பாதையைக் கட்டியவர்கள் கடலுக்குப் போகாதவர்களாக இருந்திருந்தால், கயிறு கட்டிய இடத்திலேயே இருந்திருக்கும்.

இரும்பு ஒலித்தது காற்றில் அரைகுறையாகக் கேட்டது. சித்தப்பா இங்கே மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அக்கா தனியாகக் கிளம்பியிருப்பாள். நான் ஓடினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓடும்போது பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. கயிறு போயிற்று. இனி என் தோள்தான்.

வானம் மூடி மாலை மாதிரி இருட்டியிருந்தது. டார்ச் வெளிச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து பாதி வழியில், கடைக்குப் பக்கத்துத் தென்னையில் கயிறு முடிந்திருந்தது. அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் நின்று ஊதல் ஊதிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் தண்ணீர்.

"அக்கா, நாந்தான். தோளப் புடி, போவலாம்."

"சித்தப்பா எங்க?"

"மரம் கட்டறாரு. நீ வா."

"கயிறு அறுந்தா அந்த எடத்துலயே நிக்கணும், சித்தப்பா வருவாருன்னு மாமா சொல்லியிருக்காரு."

"அறுவலக்கா, அவுத்துட்டாங்க. யாரும் வர மாட்டாங்க. நான்தான் வந்திருக்கேன்ல?"

ஊதலை வாயிலிருந்து எடுத்தாள். "போன வருசமும் நீ வருவன்னுதான் கட்டில்ல நின்னேன்" என்றாள். மறுபடி ஊதலை வாயில் வைத்துக்கொண்டாள்.

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தென்னையைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னைவிட உயரம், பலம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இவளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. "சரி, நீயே கெட, நான் போறேன்" என்று கத்திவிட்டு அவள் பின்பக்கம் போனேன். அவள் கடந்து வந்த கயிறு அங்கே மீதி இருந்தது. அதை அவிழ்த்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகி, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு நுனியை அடுத்த தென்னையில் கட்டி, மறு நுனியை அவள் கை இருந்த முடிச்சுக்கு மேலேயே கட்டினேன். தொப்பிக்குள் காற்று அடைத்த காதோடு அவளுக்கு என் காலடி கேட்டிருக்காது. கயிறு புறங்கையில் பட்டது. தடவிப் பார்த்தாள். ஊதலைப் பைக்குள் போட்டாள். நடந்தாள்.

அவள் ஒரு தென்னையைக் கடந்ததும் நான் பின்னாலிருந்ததை அவிழ்ப்பேன், முன்னால் ஓடிக் கட்டுவேன். தென்னங்கீற்றுகள் பிய்ந்து விழுந்துகொண்டிருந்தன. எங்கோ கூரைத் தகடு ஒன்று பறந்து போகும் சத்தம். எத்தனை தென்னை என்று நினைவில்லை. கடைசியில் வெட்டவெளி. படிக்கட்டு வரை கட்ட ஒன்றுமில்லை, கயிறும் எட்டவில்லை. படிக்கு ஓரிரு எட்டு இந்தப் பக்கம், நுனியை முஷ்டியில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, நானே தென்னையாக நின்றேன். அவள் கயிற்றோடு வந்தாள். விரல்கள் என் முஷ்டியில் இடித்தன. அப்படியே நின்றன. விரல் எலும்பு ஒவ்வொன்றாகத் தடவின. ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். காலால் துழாவி, படியைக் கண்டுபிடித்து, கைப்பிடியைப் பற்றி ஏறிவிட்டாள்.

மாடியில் ஊரே நெருக்கியடித்து நின்றது. சந்தையிலிருந்து திரும்பியிருந்த அம்மாவைச் சொல்தா வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தார்.

"எப்படி வந்த ஆயி?"

"கயித்தப் புடிச்சிக்கிட்டு வந்தேன் மாமா."

"கூட யாரு வந்தா? சித்தப்பனா?"

"யாரும் வரல. நானாத்தான் வந்தேன்."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சொல்தா என் பக்கம் திரும்பி, "நீ எங்கடா சுத்திட்டு வர்ற? ஒரு நாளாச்சும் அக்காவப் பத்தி நெனச்சியா?" என்றார். என் உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. முடிச்சைக் கடித்த பல் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சொல்தா மாடியைவிட்டு இறங்குவதற்குள், எல்லாத் தென்னையிலும் கயிறு திரும்ப வந்திருந்தது. மிதவைக் கட்டைகூட அதனதன் இடத்தில். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தவர்கள் ஆளுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஊர் கொஞ்சம் தேறியதும் பஞ்சாயத்தார் கோயில் வாசலில் கூடினார்கள். புது வலைக்குச் செய்வதுபோல் அந்தக் கயிற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். சொல்தாவுக்கு மாலை. அக்காவுக்குப் புதுப் பாவாடை. "கவுறு இல்லேன்னா புள்ள இல்ல" என்றார் ஒரு பெரியவர். என் அப்பா தலையை ஆட்டினார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"கயிறு எங்க இருந்துச்சு? மொத துண்ட அவுத்ததே அப்பாதான்! நான்தான் கட்டிக் கட்டிக் கூட்டியாந்தேன். அக்காவக் கேளுங்க!"

சொல்தா அக்காவைப் பார்த்தார். "ஏம்மா?"

"கயிறு இருந்துச்சு மாமா" என்றாள்.

அப்போதுதான் அறை விழுந்தது. "பொறாமை புடிச்ச பய. டார்ச்சு குடுக்கலன்னு அன்னைக்கே மூஞ்சத் தூக்கினவன்தான்" என்று யாரோ சொன்னார்கள். நான் பொறாமைக்காரன்தான். அதனால் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அங்கிருந்து எழுந்தவன்தான், நிரவி, பாலம், திருநள்ளாறு சாலை என்று நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகு எங்கெங்கோ சுற்றினேன். ஊருக்கு நான் திரும்பிப் போனபோது சொல்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்கா இருக்கிறாள், அதே வீட்டு மனையில். புயல் செய்தி வந்தால் அவள் போன் அதை அவளுக்கு வாசித்துச் சொல்கிறது. எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள்தான் என்னைக் கூப்பிட்டு, "எந்த ஊர்ல இருக்க? மேடான எடமா?" என்று கேட்கிறாள். சமீபத்தில் ஒரு மழையில் அப்படிக் கூப்பிட்டபோது கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என் கை பட்டுச்சுல்ல ஒனக்கு?"

"பட்டுச்சு. மொதத் தென்னையிலயே தெரியும். அப்பா கட்டுற முடிச்சா அது? நாயக் கட்டுற மாதிரி கட்டியிருந்த."

"அப்புறம் ஏன் அப்புடிச் சொன்ன?"

"ஒன்னச் சொல்லியிருந்தா அன்னைக்கே கயித்தக் கழட்டிட்டு, என் கையத் தூக்கி ஒந் தோள்ல வச்சிருப்பாங்க. 'தம்பி பாத்துக்குவான்'னு ஊரு தூங்கப் போயிருக்கும். நீ போற எடத்துக்கெல்லாம் நான் வரணும். நீ வெளையாடப் போனா நான் மரத்தடியில உக்காரணும். எனக்கு ஒன் மேல எவ்வளவு பொறாமை தெரியுமா? நீ ஓடுற சத்தம் கேட்டாலே வயிறு எரியும்."

என்னிடம் பொறாமைப்பட என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உரச் சாக்கா?

நான் போன பிறகு அவள் சொல்தாவிடம் போய், கயிறு மழையில் ஊறி இற்றுப்போகும், இரும்புக் குழாய் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். யார் அவிழ்த்தார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. இரும்புக் குழாயை அவிழ்த்து எந்த மரத்தையும் கட்ட முடியாது. சொல்தா தன் பென்சனில் போட்டுக் கொடுத்தார். துருவேறி, மாற்றி, இப்போது புயல் காப்புக் கட்டடம் வரை அது போகிறது. வயதானவர்களும் அதைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள். போன முறை நான் போனபோது அதன் ஓரமாக நடந்தேன், அதைக் கையால் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் எரிகிறது.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. திருநள்ளாற்றை அடையும்போது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கொட்டகைக்குள் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் நளன் குளத்துப் பக்கம் போனேன். தலையில் எண்ணெய் வைத்து முழுகிய ஜனங்கள் உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். வேட்டி, சட்டை, புடவை எல்லாம் எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே மிதந்தன. அதையெல்லாம் வாரிக் கரையேற்றுகிற ஆட்களுக்கு ஒருவர் மேஸ்திரியாக நின்றார். ஆள் தேவையா என்று கேட்டேன்.

"சோறும் ஒரு ஈரத் துணியும் தருவேன். எந்த ஊரு?"

"கருக்களாச்சேரி."

"ஊட்டுல யாரு இருக்கா? தேடிக்கிட்டு வந்து என்னைய அடிக்கப் போறாங்க."

"அம்மா, அப்பா, ஒரு அக்கா. அக்காவுக்குக் கண்ணு தெரியாது."

"அடப்பாவி. அந்தப் புள்ளைய வுட்டுட்டா வந்த? அத யாருடா கூட்டிட்டுப் போவா, வருவா?"

"அது தனியா நடக்கும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படியில் கிடந்த கொக்கிக் கழியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப சரி. எறங்கு."

இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அன்று மத்தியானம் வரை துணி வாரினேன்.